கால் பேச மட்டும் ஒரு லேப்டாப்: க்ரோம்புக்கா, விலை கம்மி விண்டோஸா?

பெரியம்மாவுக்கு வீடியோ கால் பேசறதுக்குன்னே ஒரு லேப்டாப் வாங்க வேண்டியதாச்சு. ஃபோனைக் கைல பிடிச்சுக்கிட்டே அரை மணி நேரம் பேசினா தோள் வலிக்குதுங்கறாங்க, நமக்கும் பாதி நேரம் அவங்க நெத்தி மட்டும்தான் தெரியுது. கம்மி பட்ஜெட்ல கடைசியா நின்னது ரெண்டு: 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ் போட்ட விண்டோஸ் லேப்டாப் ஒண்ணு, கிட்டத்தட்ட அதே விலைக்கு, விண்டோஸுக்குப் பதிலா கூகுளோட க்ரோம்ஓஎஸ் ஓடற க்ரோம்புக் ஒண்ணு. வாங்கினது க்ரோம்புக், அதனால நான் எந்தப் பக்கம் பேசப்போறேன்னு தெரிஞ்சிருக்கும்.

கேமரா, ஸ்கிரீன், எடை இதுல எல்லாம் மண்டையை உடைச்சுக்க வேண்டாம். இந்த விலைல ரெண்டுலயும் 720பி கேமராதான் வரும், 1280க்கு 720ன்னு பெருக்கிப் பாத்தா ஒரு மெகாபிக்சல் கூட முழுசா இல்ல. ஜன்னலுக்கு முதுகு காட்டாம உக்காந்தா முகம் நல்லாவே தெரியும், அவ்ளோதான்.

நான் முடிவு பண்ணினது வேற ஒரு விஷயத்துல. கால் பேச மட்டும் வாங்கற லேப்டாப் வாரம் பூரா மூடியே கிடக்கும், ஞாயித்துக்கிழமை பேரன் கூப்பிடறப்பதான் திறப்பாங்க. விண்டோஸ் அந்த நேரம் பாத்துதான் ஒரு வாரமா சேந்து கிடக்கற அப்டேட்டை எல்லாம் இறக்க ஆரம்பிக்கும், கூடவே டிஃபெண்டர்ங்கற வைரஸ் ஸ்கேன், ஸ்டோர் ஆப் அப்டேட்னு ஒவ்வொண்ணா கிளம்பும். 8 ஜிபி ரேமும் நல்ல எஸ்எஸ்டியும் இருந்தா இதெல்லாம் பின்னாடி நடக்கறதே தெரியாது. 4 ஜிபி ரேம், எஸ்எஸ்டியை விட மெதுவான இஎம்எம்சி ஸ்டோரேஜ்னா கால் எடுக்கறதுக்குள்ள மெஷின் திணற ஆரம்பிச்சுடும், படம் உறையும், குரல் விட்டு விட்டு வரும், எல்லாரும் சேந்து நெட்டைத் திட்டுவோம். ஒருத்தர் பேசினது அடுத்தவர் காதுக்குப் போய்ச்சேர 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா பேச்சு இயல்பா இருக்கும்ங்கறது ஐடியுங்கற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு வச்சிருக்கற கணக்கு, நெட்டே அதுல ஒரு பங்கு தின்னுடும், மிச்சத்தை மெஷினும் தின்னா "ஹலோ, கேக்குதா?"ன்னு மாத்தி மாத்திக் கத்தவேண்டியதுதான். போதாததுக்கு 64 ஜிபிங்கறது விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்ற குறைஞ்சபட்ச அளவு, பெரிய அப்டேட் வந்தா இடம் இல்லன்னு நிக்கும், அதைச் சுத்தம் பண்ண யாராவது நேர்ல போய் உக்காரணும். அந்த யாராவது நான்தான்!

க்ரோம்புக்ல சிஸ்டத்துக்கு ரெண்டு பார்ட்டிஷன், அதாவது ஸ்டோரேஜ்ல தனித்தனியா ரெண்டு இடம் இருக்கும், ஒண்ணுல ஓடிட்டு இருக்கறப்பவே இன்னொண்ணுல அப்டேட் ஏறும், அடுத்த தடவை ரீஸ்டார்ட் பண்ணா மாறிக்கும். ஏறுறப்ப அதுவும் நெட்டை இழுக்கத்தான் செய்யும், இல்லன்னு சொல்லல, ஆனா கூடவே நாலு வேலை சேந்து மெஷினை அமுக்கறதில்ல. மூடியைத் திறந்தாங்க, லிங்க்கை அமுக்கினாங்க, பேசினாங்க, எனக்கு "இது என்னமோ சுத்திக்கிட்டே இருக்கு"ன்னு தனியா ஃபோன் வரல.

வாங்கறப்ப ஒண்ணு மட்டும் கவனமா பாருங்க. க்ரோம்புக்குக்கு அப்டேட் நிக்கற தேதின்னு ஒண்ணு உண்டு. 2021லேர்ந்து வந்த மாடலுக்கு 10 வருஷம், ஆனா அந்தக் கணக்கு நாம வாங்கின நாள்லேர்ந்து இல்ல, அந்த மாடலோட பிளாட்ஃபார்ம், அதாவது அதுக்கு அடிப்படையான ஹார்டுவேர், வெளிவந்த நாள்லேர்ந்து ஓடும். தள்ளுபடில கிடைக்கற பழைய மாடல்ல பாதி ஆயுசு ஏற்கனவே போயிருக்கும். செட்டிங்ஸ்ல க்ரோம்ஓஎஸ் பத்தின பக்கத்துலயே அந்தத் தேதி இருக்கும், காசு குடுக்கறதுக்கு முன்னாடி திறந்து பாத்துடுங்க.

விண்டோஸ் பக்கமும் நியாயம் இருக்கு. வாட்ஸ்ஆப்லதான் பேசுவோம்னா விண்டோஸ் ஆப்லயே வீடியோ கால் வருது. க்ரோம்புக்ல ப்ளே ஸ்டோர்லேர்ந்து ஆண்ட்ராய்டு ஆப்பா போட்டுக்கணும், எங்க வீட்ல எல்லாம் கூகுள் மீட்லயே பேசறதால அதை நான் பெருசா ஓட்டிப் பாக்கல, அனுபவம் உள்ளவங்க சொல்றதை நம்புங்க. கொஞ்சம் கூடக் குடுத்து இன்டெல் என்100 சிப், 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் எடுக்க முடிஞ்சா மேல நான் புலம்பினதுல முக்கால்வாசி காணாமப் போயிடும். ரேம் மட்டும் அப்புறம் ஏத்திக்கலாம்னு நினைக்காதீங்க, இந்த ரேஞ்ச்ல பெரும்பாலும் போர்டோட சேத்து பத்த வச்சிருப்பாங்க.

செகண்ட்ஹேண்ட் ஆஃபீஸ் லேப்டாப் யோசனையும் வந்துச்சு. கீபோர்டு, கட்டமைப்பு எல்லாம் அருமை. ஆனா இன்டெல் 7வது ஜெனரேஷன் சிப்பும் அதுக்கு முந்தினதும் கிட்டத்தட்ட எதுவுமே விண்டோஸ் 11 ஓடும்னு மைக்ரோசாஃப்ட் சொல்ற லிஸ்ட்ல இல்ல, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. அதோட பழைய ஃபேன் சத்தம் அப்படியே மைக்ல ஏறும்.

மைக்னு சொன்னதும் ஞாபகம் வருது, இதை ரெண்டுலயுமே சோதிக்கலாம். கடைலயே கேமரா ஆப்ல வீடியோ ரெகார்டு போட்டு, கொஞ்சம் தள்ளி உக்காந்து சாதாரணமா பேசுங்க, நடுவுல கீபோர்டையும் தட்டுங்க, அப்புறம் போட்டுக் கேளுங்க. கேமரா பக்கத்துல ரெண்டு மைக் இருந்தா குரல் தெளிவா வரும், கீபோர்டு ஓரத்துல ஒத்தை மைக்னா தட்டற சத்தம்தான் முன்னாடி நிக்கும். நான் வாங்கினதுல ரெண்டாவது ரகம், அதனால கூடவே மைக் வச்ச ஒயர் இயர்ஃபோன் ஒண்ணும் எடுத்துட்டேன். ப்ளூடூத் வேண்டாம்னுதான் ஒயர், மைக் ஆன் ஆனதும் ப்ளூடூத் பழைய ஹேண்ட்ஸ்ஃப்ரீ மோடுக்கு இறங்கிடும், பாட்டுக்கு அருமையா இருந்த அதே ஹெட்செட் காலுக்கு டப்பா மாதிரி கேக்கும்.