மிளகு நட அரசு உதவி: எதை நம்பிப் போகலாம், எங்கே கால் இடறும்

இலங்கை மலைநாட்டில் சிறிய அளவில் பயிர் செய்கிறவர் பயிருக்கேற்றபடி வேறு வேறு கந்தோருக்குப் போகவேண்டும். தேயிலைக்கு ஓர் அதிகாரசபை, நெல்லுக்கும் மரக்கறிக்கும் கமநல சேவை நிலையம், மிளகு, கராம்பு, சாதிக்காய், கோப்பிக்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்களம். இந்தப் பிரிவு தெரியாமல் அலைகிறவர்கள் அதிகம். நாம் இங்கே எடுத்துக்கொள்வது திணைக்களத்தின் மிளகு உதவியை. காசை மட்டும் எண்ணிப் போனால் ஏமாற்றம்தான். கன்றுக்கும் ஆலோசனைக்கும் போகிறவருக்கு நல்ல பயன் உண்டு.

விண்ணப்பத்தைத் திணைக்களத்தின் விரிவாக்க உத்தியோகத்தரிடம் கொடுத்தால் அவர் காணிக்கே வந்து பார்ப்பார். இந்தச் சேவையின் பெரிய பலம் இதுதான். மண், சரிவு, நீர் வடிவது எல்லாம் பார்த்துத்தான் நடுவதா வேண்டாமா என்று சொல்வார். மிளகு மாத்தளை, கண்டி, கேகாலை, பதுளையின் தாழ்ந்த பகுதிகளுக்கு ஏற்ற பயிர். நுவரெலியாக் குளிரில் காய்க்கும் என்று நம்பிக் கன்று வாங்கவேண்டாம்.

கொடுப்பனவு கட்டம் கட்டமாக, வேலை நடந்ததைப் பார்த்த பிறகே வரும். ஆகவே குழி வெட்டும் கூலியும் முதல் பருவச் செலவும் கையிலிருந்துதான் போகும். கடன் வாங்கி இறங்குகிறவர் இதைக் கணக்கில் வைக்கவேண்டும்.

பெரும்பாலானோர் தவறுவது தாங்குமரத்தில். மிளகுக் கொடி பற்றி ஏற, தடியாக வெட்டி நட்டு வளர்க்கும் கிளிரிசீடியா மரம் வேண்டும். கன்று வரும் நாளில் தடியையும் சேர்த்து நட்டால், தடி வேர் பிடிப்பதற்குள் கொடி தரையில் படர்ந்து வீணாகும். தடியை ஒரு மழைப் பருவம் முன்னதாகவே நட்டு வைத்துவிட்டு, பிறகு கன்று கேளுங்கள். 2.4 மீற்றருக்கு 2.4 மீற்றர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 700 கொடி நிற்கும். குழி ஒன்றரை அடி ஆழமும் அகலமும் இருந்தால் போதும். தண்ணீர் தேங்கும் குழியில் வேரழுகல் வந்து கொடி சடாரென்று வாடிவிடும். அப்படிப்பட்ட மண்ணில் வடிகால் வெட்டாமல் எந்த மானியத்தாலும் பயனில்லை. தாங்குமரத்தின் கிளைகளை மழை தொடங்கும்போது வெட்டாவிட்டால் நிழல் அதிகமாகிக் காய் குறையும். மூன்றாம் ஆண்டளவில் முதல் காய் பார்க்கலாம்.

அறுவடைக்குப் பிந்திய உதவியைப் பலர் கேட்பதே இல்லை. கன்றை விட இதில்தான் விலை இருக்கிறது என்பது நம் கணிப்பு. காய் உதிர்க்கும் இயந்திரம், உலர்த்தி போன்றவற்றுக்கும் திணைக்களம் செலவில் ஒரு பங்கு தருகிறது. பச்சைக் காய் மூன்று கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ மிளகு. அந்த ஒரு கிலோவைச் சாணம் மெழுகிய முற்றத்தில் காயவைத்தால் கிருமியும் தூசும் சேரும், வாங்குகிறவர் விலையைக் குறைப்பார். படங்குத் துணி விரித்தே உலர்த்தவேண்டும். உதிர்த்த காயைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் நிறம் ஒரே கறுப்பாக வரும், உலர்வதும் விரைவு. ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் நின்றால் மூட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு லீற்றர் கொள்ளளவில் 550 கிராமுக்குக் குறையாமல் நிறை நின்றால் நல்ல மிளகு. பிஞ்சைப் பறித்தவருக்கு அந்த நிறை வராது. கதிரில் ஒன்றிரண்டு காய் சிவக்கும்வரை பொறுக்கவேண்டும்.

தூளாக்கிப் பக்கற்றில் விற்க நினைத்தால் வேலை வேறு. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, பிரதேச சபையின் அனுமதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை, 1980 உணவுச் சட்டத்தின்படியான லேபல். பக்கற் அச்சடிப்பதற்கு முன்பே லேபலைப் பரிசோதகரிடம் காட்டுங்கள்.

இனி மனதை உறுத்தும் விடயம். உதவி பெற, காணி உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கு ஆவணம் வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களில் பெரும்பாலானோரிடம் அது இல்லை. நிலம் அரசுடையது, 1992 முதல் கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் மரக்கறி போட்டு உயிர்ப்பித்த மண்ணைக் காட்ட அவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் கிடையாது. நடத் தெரிந்த கைகளே வெளியில் நிற்கின்றன. இந்த நிபந்தனை மாறும்வரை இந்த உதவிக்கு முழு மதிப்பெண் கொடுக்க மாட்டோம். திணைக்களத்துக்கு எழுதும் கடிதத்தையாவது தமிழிலேயே கொடுங்கள், தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது.

காணிக் கடதாசி இல்லாதவர் புதர் மிளகைப் பற்றி உத்தியோகத்தரிடம் கேட்டுப் பார்க்கலாம். காய்க்கும் பக்கக் கிளையில் வெட்டிய தண்டிலிருந்து வரும் செடி அது. தாங்குமரம் வேண்டாம், சாடியில் நிற்கும், வாசலில் வைக்கலாம், இடம் மாறினால் கையோடு கொண்டுபோகலாம்.