மேடையில் படம் விழும் துணி: காடாவும் கறுப்பு நெட்டும்

எங்கள் நாடகக் குழு பல வருடங்களாக மேடையில் புரொஜெக்டர் பயன்படுத்துகிறது. பின்திரைக்குக் காடாத் துணி, அதாவது வெளுக்காத முரட்டுப் பருத்தி. நடிகர்களுக்கு முன்னால் கறுப்பு நெட், அதாவது வலைபோலத் துளை துளையான மெல்லிய துணி. புதிதாகத் தொடங்கும் குழுக்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: புரொஜெக்டர் வாடகையைப் பேசுவதற்கு முன்னால் துணியை முடிவு செய்யுங்கள்.

காடாவில் பளபளப்பு கிடையாது. அதனால் ஓரத்து நாற்காலியில் இருப்பவருக்கும் படம் ஏறக்குறைய அதே வெளிச்சத்தில் தெரியும். விலையும் குறைவு. தையல்தான் தொந்தரவு. வெளிச்சம் பட்டதும் கோடு தெரிந்துவிடும், ஆகவே கிடைப்பதிலேயே அகலமான துணியாகக் கேட்டு வாங்குங்கள். மடிப்பு போக, காலையிலேயே கட்டி லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டால் போதும். பருத்தி காயக் காய இறுகி நேராகிவிடும்.

நெட்டில்தான் விஷயமே இருக்கிறது. முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் அது சுவர். முன்வெளிச்சத்தை அணைத்துப் பின்னால் இருப்பவர் மேல் விளக்கைப் போட்டால் துணியே காணாமல் போகும். பலர் வெள்ளை நெட்டைத் தேடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புரொஜெக்டர் காட்டும் கறுப்பு முழுக் கறுப்பு அல்ல, மங்கிய சாம்பல். வெள்ளைத் துணியில் அது ஒரு செவ்வகமாகவே நிற்கும். கறுப்பு நெட் அதை விழுங்கிவிடும், உருவம் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். படம் சற்று மங்கும் என்பது உண்மை. அதற்கு இருட்டுப் பின்னணியில் பளிச்சென்ற உருவங்களாக வீடியோவைத் தயாரிக்க வேண்டும்.

கொசுவலை வேண்டாம். அதன் பிளாஸ்டிக் இழை விளக்கு வெளிச்சத்தில் மின்னும். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும்.

நெட்டின் துளை வழியாகப் புரொஜெக்டர் வெளிச்சத்தில் ஒரு பகுதி பின்னால் போய்விடும், அதே படம் பின்திரையிலும் விழும். இதற்கு வழி, புரொஜெக்டரை உயரத்தில் வைத்துச் சரிவாக அடிப்பது. கசியும் வெளிச்சம் தரையில் விழுந்துவிடும். அப்புறம் நடிகர்கள் நெட்டிலிருந்து ஆறு அடியாவது தள்ளி நிற்கட்டும், அவர்களுக்கான விளக்கு பக்கவாட்டிலிருந்து வரட்டும். அந்த வெளிச்சம் நெட்டில் ஒரு கீற்று பட்டாலும் மாயம் கலைந்துவிடும்.

கட்டும்போது மேல் ஓரத்தில் கெட்டி நாடா வைத்துத் தைத்து, அடிக்கு ஒன்றாக வளையம் அடித்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டே போக வேண்டும். கீழே நீளப் பை தைத்து அதற்குள் குழாயைச் செருகுங்கள். குழாய் இல்லாத நெட் ஏசி காற்றுக்கே ஆடும், முகங்கள் நெளியும். கொசுவம் வைக்கவே கூடாது.

தீ விஷயத்தில் சமரசம் கிடையாது. பருத்தித் துணிக்கு வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கலந்த கரைசல் பழைய முறை, இன்றும் உதவும். ஆனால் துவைத்தால் போய்விடும், திரும்ப முக்க வேண்டும். செயற்கை இழைக்கு அது சரிவராது. தீ பரவாத இழையிலேயே நெய்ததா என்று கேட்டு, ஒரு துண்டை வெளியே எரித்துப் பார்த்து வாங்குங்கள்.

நெட்டை மடிக்காமல் பிவிசி குழாயில் சுற்றி, மேலே பழைய வேட்டி போர்த்தி வைக்கிறோம். தூசி படிந்தால் கறுப்பு வெளுத்துத் தெரியும். ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடாதீர்கள், ஒற்றைக் கறுப்பு நூலால் இழுத்துத் தையுங்கள். ஒட்டு முதல் வரிசைக்கே தெரிந்துவிடும்.