உழவர் சந்தையா, ஒழுங்குமுறை விற்பனைக்கூடமா?

இடைத்தரகரைத் தவிர்ப்பதே இரண்டின் நோக்கமும் என்றாலும், 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தையும், விவசாயியின் சரக்கு அரசு மேற்பார்வையில் வியாபாரிகளுக்கு ஏலம் விடப்படும் இடமாக, 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் உருவான ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் வெவ்வேறு விளைபொருளுக்கானவை.

உழவர் சந்தையில் அடையாள அட்டை பெற்ற விவசாயி, கடை வாடகையோ கமிஷனோ இல்லாமல், நாள்தோறும் அறிவிக்கப்படும் விலையில் தன் காய்கறியை நேரடியாக விற்று, அன்றே பணத்தோடு வீடு திரும்புகிறார். ஆனால் விடியுமுன் கிளம்பி, காலைப் பொழுது முழுவதும் தராசின் முன் நிற்கும் அவருடைய உழைப்புக்கான கூலியை எந்தக் கணக்கும் சேர்த்துக்கொள்வதில்லை; பறித்த கத்தரிக்காயும் மறுநாள்வரை காத்திராது.

பருத்தி, நிலக்கடலை, மஞ்சள், கொப்பரை போன்றவற்றுக்கு விற்பனைக்கூடமே ஏற்றது. சரியான எடை, ஒரு வியாபாரி கேட்கும் விலை மற்றவருக்குத் தெரியாத மறைமுக ஏலம் ஆகியவற்றோடு, விலை சரிந்திருக்கும்போது சரக்கைக் கிடங்கில் வைத்து அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியும் அங்குண்டு; அறுவடை முடிந்த கையோடு கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டுக்கு இந்தக் காத்திருப்பு, ஏலத்தில் கிடைக்கும் சில ரூபாய் கூடுதலைவிடப் பெரிய பலம் என்பது என் கருத்து. எனினும் ஏலத்துக்கு வரும் வியாபாரிகள் நால்வர் மட்டுமே என்றால், அவர்கள் தமக்குள் பேசி வைத்துக்கொள்வதை மறைமுக ஏலத்தாலும் தடுக்க இயலாது. 2016இல் வந்த தேசிய மின்னணு வேளாண் சந்தை, வெளியூர் வியாபாரிகளையும் ஏலத்துக்குள் கொண்டுவர முயல்வது இதனால்தான்.