அறுத்த நெல்லை எங்கே விற்பது: அரசுக் கொள்முதல் நிலையமா, வியாபாரியா?

ஐப்பசி வந்தாலே எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சுதான்.

விலை: நிலையத்தில் 2025-26 பருவத்துக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்குச் சன்னரகம் 2,545 ரூபாய், பொதுரகம் 2,500. வியாபாரி சொல்வது அன்றன்றைய விலை. வானம் கருத்தால் அதுவும் இறங்கும்.

ஈரப்பதம்: நிலையத்தில் 17 சதவீதம்தான் வரம்பு. வியாபாரி ஈரத்தோடு எடுப்பார், விலையில் கழித்துக்கொள்வார்.

இதில்தான் உயிர் போகிறது. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து நிற்கும். ஒரு வருடம், நிலையத்தில் எங்கள் முறை வருவதற்காக எட்டு நாள் காத்திருந்தோம். தூறினால் தார்ப்பாய், வெயில் கண்டால் விரித்துக் காலால் துழாவி விடுவது. ஒன்பதாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் கதகதவென்று சுட்டது. அடி நெல்லில் வெள்ளையாக முளை. அம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

பணம்: நிலையம் என்றால் வங்கிக் கணக்குக்கு வரும். வியாபாரி ரொக்கம் தருவார், ஆனால் பழகிய ஆளாக இருக்க வேண்டும்.

காகிதம்: நிலையத்துக்கு, நிலம் யாருடையது என்று சொல்லும் சிட்டா, அதில் என்ன பயிர் என்று சொல்லும் அடங்கல், ஆதார், பாஸ்புக். பட்டா வேறொருவர் பெயரில் இருக்கும் குத்தகைக்காரர் இதற்கே நடையாய் நடக்கிறார். இது மாறியே ஆக வேண்டும். வியாபாரி எதுவும் கேட்பதில்லை.

சரி, யாருக்கு எது? தை, மாசியில் காய்ந்து வரும் சம்பா, தாளடிக்கு நிலையம்தான், யோசிக்கவே வேண்டாம். குறுவைக்கு, காயவைக்கக் களமும் ஆளும் இருந்தால் நிலையம். இரண்டும் இல்லாமல் மழையும் பிடித்துக்கொண்டால், முளை விடும் முன் வியாபாரியிடம் போட்டுவிடுங்கள்.