பெயரற்ற கல்லறைகளைத் தேடும் ரேடார் அளவைச் சேவை: ஒரு மதிப்பீடு

சுரங்கம் மூடப்பட்டு மக்கள் அனைவரும் வெளியேறிவிட்ட ஊரொன்றின் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பதிவு செய்யும் பணிக்காக, தரை ஊடுருவும் ரேடாரைக் கொண்டு நிலத்தடியை ஆராயும் நிறுவனம் ஒன்றை எங்கள் தன்னார்வக் குழு அமர்த்தியது. அடக்கப் பதிவேட்டில் இருந்த பெயர்கள், அங்கே நின்றுகொண்டிருந்த கற்களைவிட மிக அதிகம். மரச்சிலுவைகள் மக்கிப் போயிருந்தன, சாய்ந்த கற்களை மண் மூடியிருந்தது. அடையாளமின்றிக் கிடப்பவர்கள் எந்த இடத்தில் கிடக்கிறார்கள் என்று அறிவதே எங்கள் தேவை. அத்தேவை எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதை, இதே பணியில் இறங்க எண்ணுவோருக்காக எழுதுகிறேன்.

வந்தவர்கள் கருவியை உடனே வெளியே எடுக்காததை முதலில் பாராட்ட வேண்டும். சவப்பெட்டி மக்கி மேல்மண் கீழே இறங்குவதால் உண்டாகும் ஆழமற்ற பள்ளங்கள் வெயில் சாய்வாக விழும் வேளையில்தான் நன்றாகத் தெரியும் என்பதால், காலையிலும் மாலையிலும் நிலம் முழுவதையும் நடந்து பார்த்தார்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்டிருந்த செதுக்காத கற்களை, வயலோரக் கற்கள் என்று ஒதுக்காமல், ஒவ்வொன்றாகக் கொடியிட்டுக் குறித்தார்கள். எழுத்து தேய்ந்த கற்களிடம் அவர்கள் காட்டிய பொறுமை என்னை மிகவும் கவர்ந்தது. பளிங்கு அமில மழையில் மெல்ல மெல்லக் கரையும் கல். அதன் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்ப்பதும் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும் எஞ்சியிருக்கும் எழுத்தையும் அழித்துவிடும். ஆகவே அவற்றுக்கு இடம் கொடாமல், பெரிய கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டுப் படமெடுத்தார்கள். எவரும் படிக்க முடியாது என்று நாங்கள் கைவிட்டிருந்த சில கற்களில், அந்தப் படங்களில் பெயரும் ஆண்டும் தெளிவாக வந்தன.

அதன் பிறகே ரேடார் வந்தது. இக்கருவி எலும்புகளைப் படம்பிடித்துக் காட்டும் என்று நம்பி அமர்த்துவோர் ஏமாந்து போவார்கள். அது மண்ணுக்குள் ரேடியோ அலைகளை அனுப்பி, மின்பண்பு மாறும் எல்லைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிகிறது. எனவே ஒருமுறை தோண்டி மூடிய குழியின் கிளறப்பட்ட மண், மக்காத பெட்டிக்குள் இருக்கும் வெற்றிடம், உலோகக் கைப்பிடிகள் ஆகியவைதாம் அதற்குப் புலப்படும். கல்லறை ஆய்வுக்குப் பெரும்பாலும் 400 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஆன்டெனாவைப் பயன்படுத்துகிறார்கள், இங்கும் அதுவே. தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாக அடக்கம் செய்யும் பழைய கிறித்தவ வழக்கம் இத்தோட்டத்தில் இருந்ததால், ஒவ்வொரு குழியையும் குறுக்காக வெட்டிச் செல்லும்படி கருவியை இழுத்துச் செல்லும் கோடுகளை வடக்கு தெற்காக, 50 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைத்தார்கள். ரேடார் பதிவில் எதிரொலி வளைவாகத் தெரியும்; ஒரு கோட்டில் மட்டும் தோன்றும் வளைவை அவர்கள் கல்லறையாகக் கணக்கிடவில்லை. மர வேரும் தனிக் கல்லும் அப்படிப்பட்ட வளைவைத் தரக்கூடும் என்பதால், அடுத்தடுத்த கோடுகளில் ஓராள் நீளத்துக்குத் தொடர்ந்து வருபவற்றையே எடுத்துக்கொண்டார்கள்.

அறிக்கையின் நேர்மை எனக்கு முழு மனநிறைவு தந்தது. உறுதியானவை, பெரும்பாலும் கல்லறையாக இருக்கக்கூடியவை, ஐயத்துக்குரியவை என்று மூவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருந்தார்கள். தாழ்வான மூலையில் ஈரக் களிமண் அலைகளை உறிஞ்சிவிட்டதால், அங்கே ஒன்றும் தென்படாததைக் கல்லறை இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்றும் வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தார்கள். ஆளில்லாத ஊரில் இந்த எச்சரிக்கைக்கு மதிப்பு அதிகம். அந்த மூலையை வெற்று நிலம் என்று யாராவது எழுதிவிட்டால், மறுத்துச் சொல்ல அங்கே உறவினர் எவரும் இல்லை.

குறைகள் இரண்டு உண்டு. பழைய அடக்கப் பதிவேடுகளில் குழந்தைகளின் பெயர்கள் நிறைய வரும். அவர்களுடைய குழிகளோ குறுகியவை, ஆழமும் குறைந்தவை. 50 சென்டிமீட்டர் இடைவெளியில் அத்தகைய குழிகள் இரண்டு கோடுகளுக்கு நடுவே எளிதில் நழுவிவிடும். குழந்தைகளுக்கென்று ஒதுக்கப்பட்டதாகத் தோன்றிய வரிசையிலாவது 25 சென்டிமீட்டருக்கு நெருக்கியிருக்க வேண்டும். அவ்வாறு செய்யாததால், நாங்கள் மிகவும் தேட விரும்பியவர்களைப் பற்றித்தான் இந்த அறிக்கை குறைவாகச் சொல்கிறது. மற்றொன்று, வரைபடம் அச்சிட்ட தாளாகவும் படக் கோப்பாகவும் மட்டுமே முதலில் கைக்கு வந்தது. ஒவ்வொரு குறியின் அட்சரேகை, தீர்க்கரேகைப் பட்டியலையும் ரேடாரின் மூலப் பதிவுகளையும் கேட்ட பிறகே அனுப்பினார்கள்.

வறண்ட, மணற்பாங்கான நிலமும் ஓரளவேனும் எஞ்சிய பதிவேடும் உள்ள தோட்டத்துக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். களிமண் நிலமாக இருந்தால், ஒப்பந்தம் செய்யும் முன் ஒரு சிறு பகுதியில் சோதனை ஓட்டம் நடத்தித் தரச் சொல்லுங்கள். கோடுகளின் இடைவெளியும், மூலப் பதிவுகள் உங்களிடம் ஒப்படைக்கப்படும் என்பதும் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்கட்டும்.