நொவீனாவில் ஓர் உளவியலாளர்: எட்டு மாத அனுபவம்

அப்பா இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் போயிற்று. அதனால் சிங்கப்பூரின் நொவீனாவில் இருக்கும் ஓர் உளவியலாளரிடம் போனேன்: வாரம் ஒரு முறை, 50 நிமிடம். முதலில் இரவில் ஓடும் எண்ணங்களைக் குறிப்பேட்டில் எழுதி, அவை உண்மைதானா என்று சோதிக்க வைத்தார். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்த வழி அது. தூக்கம் சற்றுத் திரும்பிய பிறகே பழைய கதைகளுக்குள் போனோம்.

ஒருநாள் பஸ் தாமதம். பத்து நிமிடம் பிந்திப் போய் மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். "முன்பு யாரிடம் இப்படிப் பயந்தீர்கள்?" என்றார். தேக்கா சந்தையில் அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்தபடி ஓடியது நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் இருந்த அச்சத்தை இவர்மீது ஏற்றியிருக்கிறேன். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு தம் நோயாளிகளிடம் கவனித்ததும் இதைத்தான். அன்றுதான் அழுதேன், தமிழில் பேச முடிந்ததால்.

கட்டணம் அதிகம். மாலை நேரம் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள்.