தகரக் கூரையின் சூட்டுக்கு உச்சியில் சுழலியா, சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனா?

மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, அடியில் ஜிப்சம் சீலிங் அடித்து ஓர் அறை எடுத்தவர்கள் மதுரையில் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அனுப்பானடியில் நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். சீலிங் அடித்துவிட்டால் சூடு இறங்காது என்று நம்பினோம். முதல் சித்திரையில், இரவு ஒன்பது மணிக்குக் கட்டில்மேல் ஏறி நின்று சீலிங் பலகையில் உள்ளங்கையை வைத்தேன். வெந்நீர்ச் சொம்பைத் தொட்டதுபோல் இருந்தது. தகரத்துக்கும் சீலிங்குக்கும் இடையில் அடைபட்ட காற்றுக்கு வெளியே போக வழியே இல்லை.

கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது நல்லதுதான். வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் அடைபட்ட காற்றை அது வெளியேற்றாது. அதற்கு என் முன் இரண்டு வழிகள் இருந்தன. அரிசி ஆலைகளிலும் குடோன்களிலும் கூரை உச்சியில் உருண்டையாகச் சுழலுமே, அந்த டர்போ வென்டிலேட்டர் ஒன்று. பக்கவாட்டு முக்கோணச் சுவரில் பதிக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் மற்றொன்று. நான் ஃபேனைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

சுழலிக்கு மின்சாரம் வேண்டாம். ஆடிக் காற்றில் இரவு பகலாகச் சுழலும். ஆனால் நமக்கு மூச்சு முட்டுவது ஆடியில் அல்லவே. அக்னி நட்சத்திரத்து மதியத்தில் வேப்பிலை ஒன்று அசையாதபோது சுழலியும் ஏறக்குறைய நின்றுவிடும். அப்போதும் சூடான காற்று அந்தத் துளை வழியே தானாகக் கொஞ்சம் மேலேறிப் போகும் என்பதால் வீண் என்று சொல்ல மாட்டேன். உயரமும் நீளமும் உள்ள குடோன் கூரைகளில் அது நன்றாகவே உழைக்கிறது.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. சுழலி வைக்கத் தகரத்தை வெட்ட வேண்டும். தகரம் மதியத்தில் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. சுழலியின் அடித்தட்டைச் சுற்றிப் பூசிய சிலிக்கானை அது தினமும் இழுத்துப் பார்க்கிறது. வெயிலில் காய்ந்த பூச்சு ஒரு நாள் விரிசல் விடும். திருமங்கலத்தில் என் மைத்துனர் வீட்டில் சுழலி வைத்த பிறகு வந்த மூன்றாம் ஐப்பசி மழையில் சீலிங்கில் தட்டு அளவுக்குப் பழுப்பு வளையம் விழுந்தது. அடைக்கலாம் என்று இருவரும் ஏணி வைத்தோம். “மச்சான், திருகாணி வரிசையை விட்டுக் காலை நகர்த்தாதீர்கள், தகரம் நெளிந்துவிடும்” என்று அவர் கீழிருந்து எச்சரித்துக்கொண்டே இருந்தார். வெயிலில் கால் வைக்க முடியாது, மழையில் வழுக்கும். பேரிங் தேய்ந்து கிறீச்சிட்டாலும் அதே ஏற்றம்தான். கூரையில் ஏறாமல் சரிசெய்ய முடியாத பொருளை என் வயதில் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

சுவரில் உள்ள ஃபேனுக்கு மொட்டை மாடியில் ஏணி சாய்த்தால் போதும். இறக்கைத் தூசியைத் தூரிகையால் தட்டலாம். கெட்டுப்போனால் போல்ட்டைக் கழற்றி மாற்றலாம். தகரத்தில் ஒரு துளைகூட இல்லை. கிழக்குச் சுவரில் வைத்தேன். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருவதால் அதை எதிர்த்துத் தள்ள வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழையில் சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும் என்பதால், ஃபேன் நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் பட்டைகளும் மேலே ஒரு சிறு தகர மறைப்பும் அவசியம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 60 வாட் மோட்டார் தினமும் எட்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 29 யூனிட் கூடும்.

இரண்டில் எதை வைத்தாலும், காற்று உள்ளே வர வழி விடாவிட்டால் பயனில்லை. அணிலுக்குப் பயந்து தகர ஓரத்து இடைவெளியை எல்லாம் நாங்கள் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தோம். முதல் வாரம் ஃபேன் இரைந்ததே தவிர, பலகைச் சூடு குறையவில்லை. மேற்குச் சுவரில் அடிக்கு அடி அளவில் இரண்டு துளை போட்டுக் கம்பி வலை அடித்தோம். ஊதுபத்தியைத் துளையருகே காட்டினேன். நேராக எழுந்த புகை சட்டென்று மடங்கி உள்ளே ஓடியது. கூரைக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட, ஃபேன் இல்லாத பரணுக்கு, தரைப் பரப்பில் 150-இல் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டட விதியில் உள்ள கணக்கு. எங்கள் அறை 300 சதுர அடி. அந்தக் கணக்கில் 2 சதுர அடி. வலைக் கம்பி அடைக்கும் இடத்தைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் பெரிதாகவே விட்டிருக்கலாம். சீலிங்கில் விளக்குக்கு வெட்டிய துளைகளின் ஓரத்தையும் பூசிவிடுங்கள். இல்லையென்றால் ஃபேன் அறைக்குள் இருக்கும் ஏசி குளிர்ச்சியையும் சேர்த்து உறிஞ்சிவிடும்.

இப்போது இரவு ஒன்பது மணிக்குப் பலகை வெதுவெதுப்பாக இருக்கிறது. குளிர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். வெயிலில் காயும் தகரத்திலிருந்து நேராக இறங்கும் வெப்பத்தைக் காற்றோட்டத்தால் மட்டும் தடுக்க முடியாது. என் ஃபேன் பார்த்திருப்பது இரண்டு கோடைகள்தான், ஐந்தாறு ஆண்டு தாங்கும் என்று அடித்துச் சொல்லும் அனுபவம் எனக்கில்லை. பங்குனி பிறந்ததும் மேற்குத் துளைகளின் வலையைக் கழற்றிக் கழுவுகிறேன். இந்த ஆண்டு ஒரு வலையில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. மற்றொன்றின் பின்னால் அணில் தேங்காய் நார் சேர்க்கத் தொடங்கியிருந்தது.